மைதான விருந்து: மலையகத் தோட்டங்களில்

உதைபந்தாட்டப் போட்டி நடைபெறும் நாளன்று, ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் ஆட்டம் ஓய்ந்த பின்னும், மைதானத்தின் ஓரத்திலேயே அடுப்பு மூட்டிச் சமைத்தும், வீட்டில் சமைத்துக் கொணர்ந்ததைப் பகிர்ந்தும், ஆட்டக்காரரும் ரசிகரும் ஒருங்கே கூடி உண்டு களிக்கும் வழக்கம் உலகின் பல பிரதேசங்களில் உண்டு. இலங்கையின் மத்திய மலைநாட்டில், ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா முதலிய ஊர்களைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் இவ்வழக்கம் தனிப்பெயர் ஏதும் பெறாமலே வேரூன்றி நிற்கிறது. ஏனைய இடங்களில் விருந்தளிப்பவர் ஒரு குடும்பமோ ஒரு நண்பர் குழுவோ ஆக, இங்கு விருந்தளிப்பது தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிசன் முழுவதுமாகும்; விருந்தினரோ, சற்று நேரத்தில் எதிர்த்து ஆடப்போகும் அயல் தோட்டத்தார்.

பிற நாடுகளின் இத்தகைய விருந்துக்கு அமெரிக்காவை எடுத்துக்காட்டாகக் கூறலாம். அங்கு 1869 நவம்பர் 6-ஆம் நாள் நியூ பிரன்சுவிக் நகரில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கல்லூரிகளுக்கிடையே நடந்த ஆட்டத்திலிருந்து அந்நாட்டுக் கல்லூரிப் பந்தாட்டத்தின் சரித்திரம் தொடங்குகிறது. பிற்காலத்தில் கையால் பந்தை ஏந்தி ஓடும் தனி விளையாட்டாக அது உருமாறிய போது, வண்டியின் பின்பலகையை இறக்கி அதனையே மேசையாகக் கொண்டு இறைச்சி வாட்டி உண்ணும் கொண்டாட்டமும் அதனுடன் வளர்ந்தது. கொழும்பில் 1879-ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்றுவரும் றோயல், தோமையர் கல்லூரிகளின் கிரிக்கெட் போட்டியில் கூடாரங்களும் பப்பரே வாத்தியமும் பெறும் இடம் இதற்கு ஓரளவு ஒப்பானதே.

மலைநாட்டில் விளையாட்டு விருந்தை முதலில் நடத்தியவர்கள் ஐரோப்பிய முகாமையாளரான தோட்டத் துரைமாரே. கோப்பிப் பயிர் செழித்திருந்த காலத்திலேயே, 1868-இல், டிக்கோயாவுக்கு அருகே தரவளையில் அவர்களுடைய கிளப் தோன்றியது. தலவாக்கலைப் பக்கத்து ரதல்லையிலும் அத்தகைய மைதானம் ஒன்று அமைந்தது. இலைநோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவி, 1885-இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியபின், தொலைவிலுள்ள தோட்டத்தாரும் போட்டிகளுக்கு வந்துபோவது எளிதாயிற்று. ரக்பியும் கிரிக்கெட்டும் ஆடி, மதியம் அப்புமார் சமைத்த உணவை உண்டு, மாலையில் மது அருந்திக் கலைவது அவர்களது சம்பிரதாயம். அப்பந்தியில் தொழிலாளருக்கு இடமில்லை. நுவரெலியாவின் ஹில் கிளப் போன்ற ஸ்தாபனங்களின் வாயில்கள் இந்நாட்டு மக்களுக்குத் திறக்க 1960-களின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நோக்கினால், தோட்ட மக்கள் தமக்கென ஒரு விளையாட்டையும் தமக்கென ஒரு பந்தியையும் உண்டாக்கிக்கொண்டது எத்துணை பெரிய காரியம் என்பது விளங்கும்.

அவ்விளையாட்டு உதைபந்தாட்டமாக அமைந்ததற்குக் காரணம் வெளிப்படை. மட்டையும் காப்புறையும் வாங்கப் பொருளில்லாதவர்க்கு ஒரு பந்து போதும்; சமதரை அரிதான சரிவு நிலத்தில், தேயிலைக்கு ஒதுக்கப்படாத ஒரு துண்டு மண்ணைச் செதுக்கி இரு கம்பங்கள் நட்டால் மைதானம் ஆயிற்று. பந்து எல்லை கடந்தால் தேயிலைச் செடிகளூடே உருண்டு பள்ளத்துக்கு இறங்கிவிடும் ஆதலால், அதனை மீட்டு வருவதற்கென்றே சிறுவர் சிலர் கீழே நிற்பர். தீபாவளி, தைப்பொங்கல், மே தினம், கோயில் திருவிழா ஆகிய காலங்களிலும், மறைந்த ஆட்டக்காரர் ஒருவரின் ஞாபகார்த்தமாகவும் சுற்றுப்போட்டிகள் நடைபெறுகின்றன. ஹட்டன் டன்பார் மைதானமும் நோர்வூட்டில் சௌமியமூர்த்தி தொண்டமான் பெயர் தாங்கிய மைதானமும் இப்பகுதியின் பெரிய களங்கள். எனினும் விருந்தின் உண்மையான சுவையைக் காண விரும்புவோர் தோட்டத்துச் சிறு மைதானத்துக்கே செல்ல வேண்டும்.

விருந்தை நடத்தும் பொறுப்பை ஏற்பவர் முதலில் தோட்டத் தலைவர்மாரையும் இளைஞர் மன்றத்தாரையும் கூட்டி, வீட்டுக்கு இவ்வளவு எனச் சந்தா முடிவு செய்து, மைதானத்துக்கும் லொறிக்கும் துரையிடம் அனுமதி பெறுகின்றனர். அண்டாக்களும் பெரிய கரண்டிகளும் கோயிலிலிருந்து வருகின்றன. விறகு, முறை வைத்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்து வருகிறது. அயல் தோட்டத்தார் லொறியிலோ டிராக்டரிலோ வந்து இறங்கியதும் அவர்கள் கையில் முதலில் கொடுக்கப்படுவது இஞ்சி தட்டிப்போட்ட சூடான தேத்தண்ணீர். கோப்பைக்கு இரண்டு கிராம் வீதம் நூறு பேருக்கு இருநூறு கிராம் தூள் போதுமாயினும், குளிரில் இரண்டாம் முறை கேளாதவர் அரியர் ஆகையால் அதனை இரட்டிப்பாக வைத்துக்கொள்வதே அனுபவசாலிகளின் வழக்கம்.

உணவில் தலையாய இடம் கோதுமை மா ரொட்டிக்கு உரியது. மலைத்தோட்ட மக்களின் அன்றாட உணவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோதுமை மா பெரும் இடம் பெற்றது. வறுமையால் வந்த அம்மாற்றத்தை, தேங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கனமாகத் தட்டி, இரும்புக் கல்லில் சுட்டெடுக்கும் ஒரு கலையாக்கிய பெருமை லயக் காம்பிராப் பெண்களுக்கு உரியது. ஒரு கிலோ மாவில் ஏறக்குறைய பத்து ரொட்டி தேறும். ஆறிய பின்னும் உண்ணத்தக்கது, தட்டு வேண்டாதது, நடந்துகொண்டே கடிக்கக் கூடியது என்னும் மூன்று குணங்களால் மைதானத்துக்கு இதனினும் ஏற்ற உணவு வேறில்லை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. வெங்காயமும் மிளகாயும் உப்பும் இடித்த கட்டசம்பலும், உறைப்பான கருவாட்டுக் குழம்பும் அதற்குத் துணை. பணவசதி உள்ள போட்டிகளில் கோழிக்கறியும் சேரும். தாளித்த கடலையும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் இடைவேளைக்கு உரியவை.

கடலை அவிப்பதில் மலைநாட்டுக்கே உரிய இடையூறு ஒன்றுண்டு. கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகை வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. ஹட்டனில் அது 96 பாகையை ஒட்டி நிற்கும். ஆகவே சமவெளியில் ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு அடுப்பேற்றுபவர் ஆட்டம் தொடங்கும்வரை வேகாத கடலையோடு போராட நேரிடும். முதல்நாள் இரவே ஊறவைத்து, விடியலில் மூடியிட்ட பாத்திரத்தில் அவித்து, மைதானத்தில் தாளிப்பதை மட்டும் செய்வது உத்தமம்.

காலத்தேர்வும் முக்கியமானது. டிக்கோயா, மஸ்கெலியாச் சரிவுகளில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யும். ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்களே சிறந்தவை. ஆயினும் மார்கழி முதல் வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரை நடப்பதால், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா செல்லும் பாதையில் விடுமுறை நாட்களில் வாகன நெரிசல் மிகும். அயலாரை அப்பாதை வழியே அழைப்போர் இதனைக் கருத வேண்டும். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் எதிர்க் கோல் கம்பமே தெரியாது. ஆதலால் முற்பகலில் ஆட்டங்களைத் தொடங்கி, விருந்தின் பெரும் பந்தியை ஆட்டத்துக்குப் பின் வைப்பது நலம். வயிறு நிறைந்த ஆட்டக்காரன் ஓடமாட்டான் என்பதும் அதற்கு இன்னொரு நியாயம்.

ஆரவாரத்துக்குத் தப்பு என்னும் தோற்கருவி உண்டு. மலையக மரபுக் கூத்தான காமன் கூத்திலும் திருவிழாவிலும் ஒலிக்கும் அதே தப்பு, கோல் விழுந்தவுடன் வேகம் கூடி முழங்கும்போது இரு தோட்டத்து இளைஞரும் ஒரே வட்டத்தில் ஆடக் காணலாம். அவ்வொற்றுமையைக் குலைப்பது பெரும்பாலும் சாராயமே. மது மைதானத்துக்குள் வரக்கூடாது என்று அழைப்பிலேயே அறிவித்து, அதனை இரு தோட்டத் தலைவர்மாரும் முன்நின்று காக்கும் போட்டிகளில் குடும்பத்தோடு மக்கள் வருகின்றனர். அல்லாதவிடத்துப் பெண்களும் குழந்தைகளும் தூரத்து மேட்டிலேயே நின்றுவிடுகின்றனர். உண்டபின் பொலித்தீன் தாள்களைச் சரிவில் எறிவதும் கைவிடத்தக்கது. நோர்வூட்டைத் தொட்டு ஓடும் கெகெல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்வதால், அங்கு எறியப்படுவது மழையோடு அந்நீரை அடையும். வாழையிலை கிடைக்குமிடத்து அதில் பரிமாறலாம்.

விருந்தின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதையும் இங்குச் சொல்லவே வேண்டும். வாரம் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்த பெண்களே ஞாயிறு விடியுமுன் எழுந்து மாப் பிசைகின்றனர். இறுதி ஆட்டம் நடக்கும்போதும் அவர்களிற் பலர் அடுப்படியிலேயே இருக்கின்றனர். ஆட்டத்தில் சேராத இளைஞரிடம் விறகும் தேத்தண்ணீரும் பாத்திரம் கழுவுதலும் ஒப்படைக்கப்பட்டு, ரொட்டி சுடும் வேலை இறுதி ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே முடிக்கப்படுமாயின், அப்பெண்களும் கோல் கம்பத்தருகே வந்து அமர்ந்து தம் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்க இயலும். விருந்தைத் திட்டமிடுவோர் சந்தாவைக் கணக்கிடும் முதற் கூட்டத்திலேயே இவ்வேலைப் பங்கீட்டையும் பெயர் பெயராக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.