'ஓமா'ன்னு முடிஞ்சாலே கேன்சரா? பேத்தாலஜி லேப் வேலைக்குப் போறீங்களா... இதைப் படிங்க!

டி.எம்.எல்.டி முடிச்சு, பேத்தாலஜி லேப்ல முதல் நாள். கைக்கு வந்த ஃபார்ம்ல 'கோலிசிஸ்டெக்டமி' என்று இருக்கிறது. வாசிக்கவே நாக்கு சுளுக்குதா? முழுசா விழுங்காம, இட்லி மாதிரி பிட்டுப் பாருங்க. 'கோலி' என்றால் பித்தம், 'சிஸ்ட்' என்றால் பை, 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது. பித்தப்பையை எடுத்திருக்காங்க. பாட்டிலுக்குள்ள இருக்கிறது அதுதான்!

மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க, லத்தீன் வேர்களில் இருந்து வந்தவை. அதனால, 'நான் தமிழ் மீடியம், எனக்கு வராது'ன்னு தயங்காதீங்க. இங்கிலீஷ் மீடியம் பசங்களுக்கும் இது புது மொழிதான்.

வார்த்தையை வாலில் இருந்து படிக்கப் பழகுங்க. 'ஐட்டிஸ்' என்றால் அழற்சி. 'பீனியா' என்றால் குறைவு. டெங்கு சீசன்ல அடிக்கடி கண்ணில் படும் 'த்ராம்போசைட்டோபீனியா'வை இப்போ பிரிங்க... 'த்ராம்போ' ரத்த உறைவு, 'சைட்டோ' செல், 'பீனியா' குறைவு. பிளேட்லெட் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். 'லூக்கோ' என்றால் வெள்ளை. 1847-ல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ சூட்டிய 'லுகேமியா' என்ற பெயருக்கு நேர்ப்பொருள், வெள்ளை ரத்தம்.

வால் நம்மை ஏமாத்துற இடமும் உண்டு. 'ஓமா' என்றால் கட்டி என்று புத்தகத்துல இருக்கும். லிப்போமா சாதுவான கொழுப்புக் கட்டி. ஆனா, லிம்போமாவும் மெலனோமாவும் புற்றுநோய். ஹீமட்டோமா புதுசா வளர்ந்த கட்டியே இல்லை, ரத்தம் கசிந்து தேங்கி நிற்பது. காசநோயில் பார்க்கிற கிரானுலோமாவோ அழற்சியால் வருவது. இதுக்கெல்லாம் குறுக்குவழி கிடையாது பாஸ், மனப்பாடம்தான்.

உச்சரிப்பு ஒண்ணு, உறுப்பு வேற என்று சில இரட்டையர்கள் இருக்காங்க. 'இலியம்' என்று போன்ல யாராவது சொன்னா, உடனே ஸ்பெல்லிங் கேளுங்க. 'எல்' எழுத்துக்குப் பிறகு 'ஈ' வந்தா சிறுகுடலின் கடைசிப் பகுதி. 'ஐ' வந்தா இடுப்பெலும்பு. எலும்புத் துண்டு என்றால் கால்சியத்தைக் கரைக்கும் 'டீகால்சிஃபிகேஷனுக்கு' அனுப்புவாங்க. குடல் திசுவுக்கு அது தேவையே இல்லை. தவறி அந்த ஆசிட்ல போட்டா திசு கெட்டுப்போகலாம். நோயாளி மறுபடியும் எண்டோஸ்கோபிக்குப் படுக்க வேண்டியிருக்கும். கேட்கக் கூச்சப்பட்டது நீங்க, வலி அவங்களுக்கு!

'ஃப்ரோசன் செக்‌ஷன்' என்ற சொல்லும் அப்படித்தான். நோயாளி ஆபரேஷன் டேபிள்ல இருக்கும்போதே ரிசல்ட் சொல்ல வேண்டிய டெஸ்ட் அது. சாம்பிள் ஈரம் மாறாம அப்படியே வரணும். வழக்கமான பயாப்சி மாதிரி நினைச்சு ஃபார்மலின்ல போட்டுடாதீங்க.

ரிப்போர்ட் மொழிக்கும் நம்ம பேச்சு மொழிக்கும் ஏக தூரம். 'நெகட்டிவ் ஃபார் மாலிக்னன்சி'ன்னா பரிசோதித்த திசுவில் புற்றுநோய் தெரியவில்லை என்று அர்த்தம். ஆனா, ரிப்போர்ட் வாங்க வந்தவர் 'நெகட்டிவ்'ங்கிற வார்த்தையைப் பார்த்தே கலங்கிடலாம். 'அக்கா, என்ன போட்டிருக்கு?'ன்னு உங்களைத்தான் முதல்ல கேட்பாங்க. பாவமாத்தான் இருக்கும். இருந்தாலும் விளக்கம் சொல்ல வேண்டியவர் டாக்டர். பொறுமையா, 'டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா, அவர் விவரமா சொல்வார்'னு அனுப்பி வைங்க.

ஆப் எதுவும் வேண்டாம், ஒரு கோடு போட்ட நோட்டு போதும். அன்னிக்கு லேப்ல பார்த்த அஞ்சு வார்த்தைகளை எழுதுங்க. பக்கத்துல பிரிச்ச பாகங்கள், தமிழ் அர்த்தம், எந்த உறுப்பில் இருந்து வந்த சாம்பிள் என்பது வரை குறிச்சு வைங்க. நோயாளியின் பெயரும் லேப் நம்பரும் மட்டும் அந்த நோட்டுல ஏறவே கூடாது.