காயத்தை ஏன் மறைக்கிறாங்க? கல்லூரி அணிகளின் ரகசியமும் புதுக்கோட்டை சாந்திக்கு நடந்ததும்

கல்லூரிகளுக்கு இடையிலான கபடிப் போட்டி. போன வாரம் வரை அணியைத் தூக்கி நிறுத்திய ரைடர், இன்று டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு ஓரமா உட்கார்ந்திருக்கிறார். என்ன ஆச்சுன்னு கேட்டா, "லேசா காய்ச்சல், ரெஸ்ட் கொடுத்திருக்கோம்" என்பார் பி.டி. சார். முட்டியில் ஜவ்வு கிழிந்திருக்கலாம் என்பது அணியில் எல்லோருக்கும் தெரியும். ஆனா யாரும் வாய் திறக்க மாட்டாங்க.

புதுக்கோட்டையில் மட்டுமல்ல, உலகம் முழுக்க கல்லூரி அணிகள் இப்படித்தான். இதில் நியாயமான காரணமும் உண்டு, ஆபத்தான காரணமும் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் சிக்கல்.

எதிரணிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்?

கபடியில் ஒருத்தருக்கு வலது முட்டி பலவீனம் என்று தெரிந்தால் போதும். எதிரணி கார்னர் ஆட்டக்காரர் அந்தக் காலைத்தான் குறிவைத்துப் பிடிப்பார். வாலிபாலில் தோள்பட்டை வலி உள்ளவரின் ஸ்மாஷ் பழைய வேகத்தில் வராது என்று தெரிந்தால், பிளாக் போடுபவர்கள் அவரை விட்டுவிட்டு மற்றவர் பக்கம் நகர்ந்துவிடுவார்கள். விதிப்படி இதில் தப்பு எதுவும் இல்லை. அதனால் பயிற்சியாளர் விவரத்தை மூடி வைக்கிறார். இது ஆட்டத் தந்திரம், புரிந்துகொள்ளக்கூடியதுதான்.

இன்னொரு காரணம் ஆட்டக்காரரிடமே இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் பல்கலைக்கழக அணிக்குப் போக வேண்டுமென்றால், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத் தேர்வில் ஓடியோ ஆடியோ காட்ட வேண்டும். அங்கிருந்து அகில இந்திய பல்கலைக்கழகப் போட்டி, சான்றிதழ், அப்புறம் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு இருக்கிறது. படிப்பு முடிவதற்குள் இதையெல்லாம் பிடித்தாக வேண்டும். தேர்வு நடக்கும் மாதத்தில் "முட்டி வலிக்குது சார்" என்று சொல்ல எத்தனை பேருக்கு தைரியம் வரும்? கட்டணச் சலுகையும் ஹாஸ்டல் சாப்பாடும் ஆட்டத்தை நம்பி இருந்தால் சொல்லவே வேண்டாம்.

இங்கேதான் ரகசியம் தப்பான திசையில் போகிறது. எதிரணியிடம் மறைக்க ஆரம்பித்தது, பயிற்சியாளரிடம், அப்பா அம்மாவிடம், கடைசியில் டாக்டரிடமும் மறைப்பதில் முடிகிறது. ஒரு கட்டு கட்டி, வலி மாத்திரை போட்டு இறக்கிவிடுகிறார்கள். முன்புற சிலுவைத் தசைநார் கிழிந்த முட்டி, நடக்கும்போது ஓரளவு சரியாகவே தெரியும். திடீரென்று திரும்பினால்தான் நழுவும். அப்படி நழுவும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் குருத்தெலும்புத் தட்டு சேதமாகலாம். அறுவை சிகிச்சை செய்தால் களத்துக்குத் திரும்ப பொதுவாக 9 மாதமோ அதற்கு மேலோ ஆகும். மறைத்து ஆடினால் திரும்ப முடியாமலே போகலாம்.

கத்தக்குறிச்சியிலிருந்து தோஹா வரை

உடல் பற்றிய தகவல் வெளியே போனால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறார்: சாந்தி சௌந்தரராஜன். அவருடையது காயம் அல்ல. ஆனால் கேள்வி ஒன்றுதான்: ஒரு வீராங்கனையின் மருத்துவத் தகவல் யாருக்குச் சொந்தம்?

கத்தக்குறிச்சி கிராமத்தில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 2005-ல் தென் கொரியாவின் இன்சியோனில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டிலும் 800 மீட்டரில் வெள்ளி, நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. அதன் பிறகு அவருக்குப் பாலினப் பரிசோதனை நடத்தப்பட்டது. என்ன பரிசோதனை என்று தன்னிடம் சரியாக விளக்கவில்லை என பின்னாளில் பேட்டிகளில் சொன்னார்.

மருத்துவர்களுக்கும் சம்பந்தப்பட்டவருக்கும் இடையே இருந்திருக்க வேண்டிய அந்த முடிவு, சில நாட்களில் நாடு முழுக்க டிவியில் ஓடியது. கசியவிட்டது யாராக இருந்தாலும், அதை விடிய விடிய ஓட்டியது ஊடகங்கள்தான். ஒரு செய்தி சேனல் இணையதளத்தில் இதை எழுதும்போது அதைச் சொல்லாமல் விட முடியாது.

பதக்கம் பறிக்கப்பட்டது. அன்றைய முதல்வர் கருணாநிதி, அறிவித்திருந்த 15 லட்சம் ரூபாயைக் கொடுத்தார். ஆனால் ஊருக்குத் திரும்பியவரை எல்லோரும் பார்த்த பார்வை வேறு. கடும் மன உளைச்சலில் தவித்தார். நடுவில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். 2012-ல் செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்த செய்தி வந்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைத்தது 2016-ல். 25 வயதில் ஓடிய ஒரு ஓட்டத்துக்கு 10 ஆண்டு காத்திருப்பு.

பரிசோதனை சரியா தப்பா என்பது தனி விவாதம். அது எப்படி முடிந்திருந்தாலும், முடிவு அவர் அனுமதி இல்லாமல் வெளியே வந்திருக்கக் கூடாது. 2014-ல் ஒடிசாவின் டூட்டி சந்த் காமன்வெல்த் போட்டி அணியிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டபோதும் காரணம் ஊடகங்களில் கசிந்தது. அவர் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் நீதிமன்றம் போனார். 2015 ஜூலையில் அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது. சாந்தி விஷயத்தில் அப்படி வழக்காட யாரும் துணை நிற்கவில்லை.

அமெரிக்காவில் என்ன செய்கிறார்கள்?

அங்கே கல்லூரி விளையாட்டு கோடிக்கணக்கில் பணம் புரளும் தொழில். மாணவர் பதிவுகளைப் பாதுகாக்கும் 1974-ம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, காயத்தைப் பற்றிப் பேசவே பயிற்சியாளர்கள் மறுப்பது வழக்கம். மாணவர் நலனுக்காகவா, எதிரணிக்காகவா என்று கேட்டால் பாதிக்குப் பாதி என்றுதான் சொல்ல வேண்டும்!

2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிப்பதா என்று மாநிலங்களே முடிவு செய்யலாம் என்றானது. உடனே அணியின் உள்விவரம் காசுக்கு விலைபோகும் சரக்கானது. ஹாஸ்டலில் கூட இருக்கும் நண்பனிடம் "அவன் நாளைக்கு ஆடுறானா?" என்று போன் போட்டுக் கேட்பவர்கள் வந்துவிட்டார்கள். அதனால் பிக் டென் என்ற கல்லூரிக் கூட்டமைப்பு 2023-லும், எஸ்.இ.சி. 2024-லும், கால்பந்து ஆட்டத்துக்கு முன்பு யார் ஆடுவார், யார் சந்தேகம், யார் இல்லை என்று பட்டியல் வெளியிட ஆரம்பித்தன.

கவனிங்க, என்ன காயம் என்பது அந்தப் பட்டியலின் வேலை அல்ல. ஆடுவாரா மாட்டாரா என்பது மட்டும்தான். ரசிகருக்குத் தெரிய வேண்டியதும் அவ்வளவுதானே. நம்ம ஊர் கல்லூரிகளும் "காய்ச்சல்" என்று கதை சொல்வதற்குப் பதிலாக "இன்று ஆடவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். பொய்யும் இல்லை, ரகசியமும் காக்கப்படும்.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

கல்லூரி வீரர்களுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனால் டாக்டர்களுக்கு உண்டு. 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, சிகிச்சையில் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியிடக் கூடாது. நீதிமன்ற உத்தரவு, மற்றவர்களுக்கு நேரும் கடுமையான ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் ஆகியவைதான் விதிவிலக்கு. "அணித் தேர்வு" அந்தப் பட்டியலில் இல்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட்டில் தீர்ப்பளித்தது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. எதற்காக ஒப்புதல் வாங்கப்பட்டதோ அதற்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. 18 வயது ஆகாத முதலாம் ஆண்டு மாணவர் என்றால் பெற்றோர் ஒப்புதலும் தேவை.

ஸ்கேன் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அணியின் வாட்ஸ்அப் குரூப்பில் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நல்லெண்ணத்தில்தான் போடுகிறார்கள். ஆனால் அந்த குரூப்பில் 40 பேர் இருந்தால், ரிப்போர்ட் 40 போன்களில் இருக்கிறது.

உங்க வீட்டுப் பிள்ளை கல்லூரி அணியில் ஆடுறாங்களா? ஆட்டத்தில் "டப்" என்று சத்தம் கேட்டு சில மணி நேரத்தில் முட்டி வீங்கினாலோ, படி இறங்கும்போது கால் நழுவுவது போல இருந்தாலோ, கட்டு போட்டுக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். எலும்பு மூட்டு டாக்டரிடம் காட்டுங்க, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். பயிற்சியாளருக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை டாக்டரும் பிள்ளையும் பேசி முடிவு செய்யட்டும். "8 வாரம் ஆடக் கூடாது" என்ற ஒரு வரிச் சான்றே பெரும்பாலும் போதும், முழு ரிப்போர்ட்டும் தேவையில்லை. சிகிச்சைப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே 2002 விதிகளில் இருக்கிறது. அந்தப் பிரதியைக் கல்லூரி அலுவலகத்தில் விட்டுவிடாமல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்க.