பதல்யவ்ஸ்: ஓர் எல்லை நகரின் கதை



ஸ்பெயினின் மேற்கெல்லையில், போர்த்துக்கலை ஒட்டி, குவாதியானா நதிக்கரையில் படஹோஸ் நகரம் அமைந்துள்ளது. நமது முன்னோர் இதனைப் பதல்யவ்ஸ் என்றனர். நதியின் பெயரிலும் 'வாதீ' எனும் அரபுச் சொல் ஒளிந்திருப்பதைக் கவனியுங்கள். கி.பி. 875இல் இப்னு மர்வான் அல்-ஜில்லீகீ நிறுவிய இந்நகரம், 11ஆம் நூற்றாண்டில் பனூ அஃப்தஸ் மன்னர்களின் தலைநகராயிற்று. இலக்கண மேதை இப்னுஸ் ஸீத் அல்-பதல்யவ்ஸியை நமக்குத் தந்ததும் இவ்வூரே.

அங்கு செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின் அல்கஸபா கோட்டைக்கு ஏறுங்கள். அதன் எண்கோணக் கோபுரம் 12ஆம் நூற்றாண்டில் முவஹ்ஹிதூன்கள் எழுப்பியது. நகருக்கு வடக்கே சற்றுத் தொலைவில் ஸல்லாகா களம். ஹிஜ்ரி 479 ரஜப் 12 (கி.பி. 1086 ஒக்டோபர் 23), வெள்ளிக்கிழமை. மொரோக்கோவிலிருந்து கடல் கடந்து வந்த முராபிதூன்களின் தலைவர் யூஸுஃப் இப்னு தாஷிஃபீன், ஆறாம் அல்போன்ஸோவை அங்கே முறியடித்தார். அவரை உதவிக்கு அழைத்தோரில் பதல்யவ்ஸ் மன்னர் அல்-முதவக்கிலும் ஒருவர்.

ஸல்லாகாவைப் பெருமையோடு பேசும் நாம், வரலாற்றின் அடுத்த பக்கத்தைப் பெரும்பாலும் புரட்டுவதில்லை. ஏழே ஆண்டுகளில், 1093இல், அதே அல்-முதவக்கில் முராபிதூன்களுக்கு அஞ்சி, அதே அல்போன்ஸோவுக்கு லிஸ்பன், ஸன்தரீன், சின்த்ரா ஆகிய நகரங்களைக் கையளித்தார். எதிர்பார்த்த பாதுகாப்போ கிட்டவில்லை. 1094இல் முராபிதூன்கள் பதல்யவ்ஸைக் கைப்பற்றி, மன்னரையும் அவருடைய இரு புதல்வர்களையும் கொன்றனர். மன்னர் செய்தது பெரும் பிழையே. ஆயினும் கைதிகளைக் கொன்றதை என் உள்ளம் ஏற்க மறுக்கின்றது.

அம்மன்னரின் செயலாளரான இப்னு அப்தூன், வீழ்ந்த பேரரசர்களையெல்லாம் நினைவூட்டி, பனூ அஃப்தஸுக்காகப் புகழ்மிக்க இரங்கற்பா இயற்றினார். பின்னாளில் அவரே முராபிதூன்களிடம் எழுத்தராகப் பணியாற்றினார்.