பதின்பருவச் சினம்

பதின்பருவச் சினம் என்பது ஏறத்தாழ 13 முதல் 19 வயது வரையிலானோருக்கு ஏற்படும் கோப உணர்வையும், அது அவர்களிடம் வெளிப்படும் முறைகளையும் குறிக்கும். சினம் ஒரு நோயன்று. அச்சம், மகிழ்ச்சி, துயரம் ஆகியவற்றைப் போல் இயல்பான ஓர் உணர்வாகும். தனக்குத் தீங்கு, தடை, அவமதிப்பு அல்லது அநீதி நேர்வதாக ஒருவர் கருதும்போது அது தோன்றுகிறது. சினம் கொள்வது வேறு, சினத்தால் பிறரைத் தாக்குவது வேறு. முன்னது உணர்வு, பின்னது செயல். இவ்விரண்டிற்கும் இடையே சிந்திப்பதற்குரிய கால இடைவெளியை உண்டாக்கும் பயிற்சியே சின மேலாண்மை எனப்படுகிறது.

பின்னணி

அமெரிக்க உளவியலாளர் சுடான்லி ஆல் 1904 இல் வெளியிட்ட நூலில் பதின்பருவத்தைக் கொந்தளிப்பும் நெருக்கடியும் நிறைந்த காலமாக விவரித்தார். எல்லாப் பதின்பருவத்தினரும் கொந்தளிப்புக்கு உள்ளாவதில்லை என்பதும், குடும்பமும் பண்பாடும் இதில் பெரும் பங்கு வகிக்கின்றன என்பதும் இன்றைய ஆய்வாளர்களின் கருத்து. எனினும் கடுஞ்சினம் இவ்வயதில் அரிதன்று. அமெரிக்காவில் 13 முதல் 17 வயது வரையிலான 6,000 இற்கும் மேற்பட்டோரிடம் திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு 2012 இல் வெளியான ஆய்வின்படி, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர், வன்முறை அல்லது அதுபற்றிய மிரட்டல், பொருட்களை உடைத்தல் ஆகியவற்றோடு கூடிய சினவெடிப்பை ஒருமுறையேனும் அடைந்திருந்தனர்.

உடலில் நிகழ்வன

அச்சுறுத்தலை உணரும் மூளைப்பகுதிகளுள் அமிக்டலா முதன்மையானது. இது தூண்டப்படும்போது பரிவு நரம்புத் தொகுதி விழித்தெழுகிறது. அண்ணீரகச் சுரப்பி அட்ரினலினைச் சுரக்கிறது. இதயத் துடிப்பும் மூச்சும் விரைவடைகின்றன, தசைகள் இறுகுகின்றன, முகம் சிவக்கிறது. போரிடவோ தப்பியோடவோ உடலை ஆயத்தப்படுத்தும் இம்மாற்றங்களை வால்டர் கேனன் 1915 இல் விரிவாக விளக்கினார்.

பின்விளைவை எண்ணிப் பார்க்கவும், உந்துதலை அடக்கவும் உதவுவது நெற்றிக்குப் பின்னுள்ள முன்நுதல் புறணி. இப்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ச்சியடைந்து கொண்டே இருக்கிறது. அமைதியான சூழலில் 16 வயதினரின் பகுத்தறியும் திறன் பெரியவர்களுடையதை ஏறத்தாழ ஒத்திருக்கும்; உணர்ச்சி மேலோங்கிய நேரத்திலும், நண்பர்கள் சூழ்ந்திருக்கும்போதும் அத்திறன் எளிதில் தடுமாறுகிறது. ஆகவே இடைவெளி தேவைப்படுவது அந்தச் சில நிமிடங்களுக்கே.

காரணங்கள்

* பிறர் முன்னிலையில் ஏற்படும் அவமானம். எடுத்துக்காட்டாக, உறவினர் கூடியிருக்கையில் மதிப்பெண்களை ஒப்பிட்டுப் பேசுதல்.
* தன் உடை, நட்பு, படிப்பு பற்றிய முடிவுகளில் தனக்கு இடமில்லாமை.
* தூக்கக் குறைவு. 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணிநேரத் தூக்கம் பரிந்துரைக்கப்படுகிறது. பூப்புக் காலத்தில் உடற்கடிகாரம் பின்தள்ளப்படுவதால் இரவில் தூக்கம் தாமதமாகவே வருகிறது.
* வெளியே சொல்லப்படாத துயரம், அச்சம் அல்லது மனச்சோர்வு. பதின்பருவத்தினரிடம் மனச்சோர்வு சில வேளைகளில் அழுகையாக அன்றி எரிச்சலாக வெளிப்படும்.
* கேலிவதை, சாதி இழிவுரை, பாலியல் தொல்லை, வீட்டு வன்முறை ஆகியவை.

கொட்டித் தீர்த்தல் பற்றிய நம்பிக்கை

சினத்தை வெளியே கொட்டிவிட்டால் அது தணிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. உளவியலாளர் பிராட் புசுமன் 2002 இல் வெளியிட்ட சோதனை இதற்கு மாறான முடிவைத் தந்தது. தம்மைச் சினமூட்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்திய மாணவர்கள், சும்மா அமர்ந்திருந்தவர்களைவிடக் கூடுதலாகச் சினந்திருந்தனர். 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024 இல் வெளியான பகுப்பாய்வும், உடற்கிளர்ச்சியைக் குறைக்கும் செயல்களே சினத்தைக் குறைக்கின்றன எனக் காட்டியது. ஓட்டப்பயிற்சி உடல்நலத்திற்கு நன்று. ஆனால் சினம் தணிக்கும் வழியாக அது பயனளிக்கவில்லை.

நடந்ததை மீண்டும் மீண்டும் எண்ணுவது கிளர்ச்சியைக் கூட்டும். கூடிய கிளர்ச்சி அவ்வெண்ணத்தை மேலும் வலுப்படுத்தும். இப்பின்னூட்டச் சுழலை ஏதேனும் ஓரிடத்தில் அறுப்பதே மேலாண்மையின் அடிப்படை.

மேலாண்மை முறைகள்

ரேமண்ட் நொவாக்கோ 1975 இல் சினக் கட்டுப்பாட்டிற்கான அறிவுசார் நடத்தைப் பயிற்சியை வகுத்தார். பின்னர் இத்தகைய பயிற்சிகள் பதின்பருவத்தினருக்கேற்ப விரிவாக்கப்பட்டன. அவற்றின் பொதுவான படிகள் வருமாறு:

1. முன்குறிகளை அறிதல்: பல்லைக் கடித்தல், காது சூடாதல், குரல் உயர்தல் முதலியவற்றுள் தனக்கு முதலில் தோன்றுவது எது எனக் கண்டறிதல்.
2. விலகுதல்: "இப்போது என்னால் பேச இயலாது, பிறகு பேசுகிறேன்" எனக் கூறிவிட்டு அகலுதல். கைப்பேசியில் உடனடியாக மறுமொழி அனுப்பாதிருத்தலும் இதில் அடங்கும்.
3. மூச்சைச் சீராக்குதல்: நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறு முறை மெதுவாக மூச்சுவிடுதல். இது இணைப்பரிவு நரம்புத் தொகுதியைத் தூண்டி இதயத் துடிப்பைக் குறைக்கிறது.
4. எண்ணத்தைச் சோதித்தல்: "வேண்டுமென்றே செய்தார்" என்ற முடிவிற்குச் சான்று உண்டா என வினவுதல்.
5. எடுத்துரைத்தல்: குற்றஞ்சாட்டாது, நடந்ததையும் தன் உணர்வையும் வேண்டுகோளையும் கூறுதல். "என்னைக் கேட்காமல் என் பையைத் திறந்தது வருத்தமளித்தது, இனிக் கேட்டுவிட்டுத் திறவுங்கள்" என்பது போல.

பெரியோரின் பங்கு

சினந்திருப்பவரிடம் அந்நேரத்தில் அறிவுரை கூறுவது பயன் தருவதில்லை. குரலைத் தாழ்த்துதல், காத்திருத்தல், அமைதியடைந்தபின் காரணத்தைக் கேட்டல் ஆகியவை உதவும். அடித்துத் திருத்த முயல்வது, வலிமையுடையவர் சினத்தால் தாக்கலாம் என்ற பாடத்தையே கற்பிக்கும்.

பெண்களின் சினத்தை அடக்கமின்மையாகவும், ஆண்களின் சினத்தை ஆண்மையாகவும் கருதும் வழக்கம் இருபாலாருக்கும் தீங்கானது. சினம் சில வேளைகளில் உண்மையான அநீதியைச் சுட்டும் அறிகுறி. வன்கொடுமைக்கு உள்ளாகும் மாணவரிடம் மூச்சுப்பயிற்சியை மட்டும் கற்பித்துவிட்டுக் கொடுமையைத் தொடரவிடுவது மேலாண்மை ஆகாது.

தமிழ் இலக்கியத்தில்

திருக்குறளின் 31 ஆம் அதிகாரமான வெகுளாமை சினத்தைத் தவிர்ப்பது பற்றியது. ஒளவையாரின் ஆத்திசூடி சினம் தணிதற்குரியது என்கிறது. பாரதியாரின் புதிய ஆத்திசூடியோ அறச்சீற்றத்தைப் பழகச் சொல்கிறது. இவ்விரு நோக்குகளும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றினும், தணிந்த பின்னரே அநீதியைத் திறம்பட எதிர்க்க இயலும் என்ற வகையில் இணைத்துக் காணத்தக்கவை.

உதவி நாட வேண்டிய நிலை

சினவெடிப்புகள் அடிக்கடி நிகழ்தல், தன்னையோ பிறரையோ காயப்படுத்துதல், பள்ளியும் நட்பும் பாதிக்கப்படுதல், வெடிப்புகளுக்கு இடையிலும் எரிச்சல் நீங்காதிருத்தல் ஆகியவை காணப்பட்டால் மருத்துவரையோ உளவள ஆலோசகரையோ அணுகுதல் வேண்டும். இந்தியாவில் 2022 இல் தொடங்கப்பட்ட டெலி-மானசு சேவையை 14416 என்ற எண்ணிலும், சிறுவர் உதவிச் சேவையை 1098 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண் 1926 ஆகும்.