பிறந்த தேதியும் ஒரு வெள்ளிப் பதக்கமும்

பெரிய காஞ்சிபுரத்தில் என் வயதுக்காரர்களிடம் பேட்மிண்டன் என்று சொன்னால் பாதிப் பேருக்குக் கம்பளிப் பந்துதான் நினைவுக்கு வரும். தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடத் தொடங்கியதாகச் சொல்லப்படும் பூப்பந்து அது. அணிக்கு ஐந்து பேர். திறந்தவெளியில் ஆடலாம். பந்துக்குக் கொஞ்சம் கனம் உண்டு, அதனால் காற்றடித்தாலும் கவலையில்லை.

நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல, இறகுப்பந்தைப் பற்றி. தக்கையில் 16 இறகுகள் செருகியிருப்பார்கள். மொத்த எடையே ஐந்து கிராம் அளவுதான். ஒரு கதவைத் திறந்து வைத்தாலே போகும் திசை மாறிவிடும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அதன் பெயர் 'வொலான்'. பறப்பது என்று பொருள்.

இந்த ஆட்டத்துக்கு நம் நாட்டோடு பழைய உறவு உண்டு. 1870களில் பூனாவில் இருந்த ஆங்கில ராணுவ அதிகாரிகள் இதை ஆடி, விதிகளும் வகுத்தார்கள். பேட்மிண்டன் என்ற பெயர் மட்டும் இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மாளிகைப் பெயரிலிருந்து வந்தது. 1934ல் ஒன்பது நாடுகள் கூடி சர்வதேச சம்மேளனத்தை அமைத்தன. அந்த ஒன்பதில் பிரான்சும் ஒன்று. இந்தியா 1936ல் சேர்ந்தது. ஆனால் இளையோருக்கென்று ஓர் உலகச் சாம்பியன்ஷிப் வருவதற்கு 1992 ஆகிவிட்டது. முதல் போட்டி ஜகார்த்தாவில் நடந்தது. முதலில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்தது, 2007 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது.

ஜூனியர் என்றால் 19 வயதுக்குள். கணக்கு எளிது. போட்டி நடக்கும் ஆண்டில் 19 வயதை எட்டுகிறவர் ஆட முடியாது. ஜனவரியில் எட்டினாலும் டிசம்பரில் எட்டினாலும் ஒன்றுதான். 2022ஆம் ஆண்டுப் போட்டி என்றால் 2004 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும்.

பிறந்த தேதி என்ன செய்யும் என்பது குமாஸ்தாவாக இருந்தவனுக்கு நன்றாகத் தெரியும். பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் அந்த ஒரு வரிதான் ஒருவர் எந்த மாதக் கடைசியில் வீட்டுக்குப் போகிறார் என்பதை முடிவு செய்யும். நம் தலைமுறையில் பலருக்கு அந்தத் தேதி பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் போட்டது. ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள் இத்தனை பேரா என்று அலுவலகத்தில் சிரித்துக்கொள்வோம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புப் பதிவேட்டை 'எத்தா சிவில்' என்பார்கள். அதில் பதிந்துவிட்டால் ஒரு நாளைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. விளையாட்டிலும் அப்படித்தான். எவ்வளவு திறமை இருந்தாலும் கோட்டுக்கு அந்தப் பக்கம் பிறந்தவருக்கு வாசல் கிடையாது.

இந்தப் போட்டியில் இந்தியாவின் கணக்கைப் பார்ப்போம். 1996ல் டென்மார்க்கின் சில்க்கபோர்க்கில் அபர்ணா போபட் வெள்ளி வென்றார். சாய்னா நேவால் 2006ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் வெள்ளியும், 2008ல் நம் புனேயிலேயே தங்கமும் வென்றார். 2010ல் மெக்சிகோவில் எச்.எஸ். பிரணாய், சாய் பிரணீத் இருவருக்கும் வெண்கலம். 2015ல் பெரு நாட்டின் லிமாவில் சிரில் வர்மாவுக்கு வெள்ளி. 2018ல் கனடாவில் லக்‌ஷயா சென்னுக்கு வெண்கலம். 2025ல் குவாஹாட்டியில் தன்வி சர்மாவுக்கு வெள்ளி. ஆண்கள் ஒற்றையரில் தங்கம் இன்னும் வரவில்லை.

பட்டியலில் 2020க்கும் 2021க்கும் எதிரே யார் பெயரும் கிடையாது. கொரோனா காலம். 2020ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடக்க வேண்டியதைத் தள்ளிவைத்தார்கள், பிறகு ரத்து செய்தார்கள். 2021ல் சீனாவின் செங்டுவில் நடக்க வேண்டியதும் ரத்தானது.

ஒலிம்பிக்கை ஓராண்டு தள்ளி நடத்தினார்கள், ஆட வேண்டியவர்கள் ஆடினார்கள். ஜூனியர் போட்டியில் தள்ளிவைப்பது என்றால் ஒருவரின் வயதையும் சேர்த்தல்லவா தள்ளிவைக்க வேண்டும்? 2002ல் பிறந்தவர்களுக்கு 2020தான் கடைசி வாய்ப்பு. 2003ல் பிறந்தவர்களுக்கு 2021. விடியற்காலையில் எழுந்து, பள்ளிக்கு முன்னும் பின்னும் ஆடி, அந்த ஒரு போட்டிக்காக ஆண்டுக்கணக்கில் தயாரான பிள்ளைகள் உலகம் முழுவதும் இருந்திருப்பார்கள். அவர்கள் தோற்கவில்லை. ஆடவே இல்லை. தோற்றவர் பெயராவது முடிவுப் பட்டியலில் இருக்கும், இவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

மூன்றாம் ஆண்டு கதவு திறந்தது. 2022 அக்டோபரில் ஸ்பெயின் நாட்டின் சான்டான்டர் நகரில் போட்டி நடந்தது. அங்கே இறுதியாட்டம் வரை போனவர் நம் தமிழ்நாட்டுப் பையன் சங்கர் முத்துசாமி சுப்ரமணியன். சென்னையில் அரவிந்தன் சாமியப்பனிடம் பயிற்சி பெற்றவர், இடது கைக்காரர். காலிறுதியில் சீன வீரரை வென்றார், அரையிறுதியில் தாய்லாந்து வீரரை வென்றார். இறுதியில் சீன தைபேயின் குவோ குவான் லின்னிடம் 14-21, 20-22 என்று தோற்று வெள்ளி வாங்கினார். இரண்டாவது செட்டில் 20 வரை வந்து விட்டுக்கொடுத்தாரே என்று வருத்தப்பட்டவர்கள் உண்டு.

சங்கர் பிறந்தது 2004 ஜனவரி 13. போகிக்கு முந்தைய நாளோ போகியோ, அந்தக் கணக்கில் வரும். கோட்டுக்கு இந்தப் பக்கம் பதின்மூன்றே நாள். ஒரு பதினைந்து நாள் முன்னால் பிறந்திருந்தால் அவருடைய கடைசி ஆண்டு 2021 ஆகியிருக்கும். சான்டான்டர் இல்லை, வெள்ளி இல்லை, இந்தக் கட்டுரையும் இல்லை. திறமை அப்படியே இருந்திருக்கும், அது யாருக்கும் தெரிந்திருக்காது.

அதனால் அந்த வெள்ளியைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். வாசல் திறந்தபோது உள்ளே போய் ஆடி வென்றது அவருடைய உழைப்புதான். 2025 மார்ச்சில் பாசலில் நடந்த சுவிஸ் ஓபனில், அப்போது உலக வரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த டென்மார்க்கின் ஆன்டர்ஸ் ஆன்டன்சென்னை அவர் வீழ்த்தினார். முதல் செட்டை இழந்துவிட்டு, கடைசி செட்டை 21-5 என்று முடித்தார். அடுத்த சுற்றில் பிரான்சின் கிறிஸ்டோ போபோவிடம் தோற்றார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பாசம் எனக்கு அன்று ஒரு மணி நேரம் விடுமுறையில் இருந்தது.

பெரியவர்கள் ஆட்டத்தில் இந்தக் கோடு கிடையாது என்பதும் ஓர் ஆறுதல். உலக ஜூனியர் போட்டியில் பி.வி. சிந்து ஒரு பதக்கமும் வென்றதில்லை. பிறகு இரண்டு ஒலிம்பிக் பதக்கமும், 2019ல் உலகச் சாம்பியன் பட்டமும் அவரைத் தேடி வந்தன.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் காஞ்சிபுரத்துப் பெண் துளசிமதி முருகேசன் 2002ல் பிறந்தவர். 2024 செப்டம்பரில் பாரிஸ் பாராலிம்பிக்கில் எஸ்.யூ.5 பிரிவு ஒற்றையரில் வெள்ளி வென்றார். அரையிறுதியில் அவரை எதிர்த்து ஆடி, பிறகு வெண்கலம் வென்ற மனிஷா ராமதாசும் தமிழ்நாட்டுக்காரர்தான். பாரிஸ் அரங்கில் வலைக்கு இரண்டு பக்கமும் நம் பிள்ளைகள் நின்றார்கள்!

உங்கள் வீட்டில் பேரனோ பேத்தியோ ராக்கெட் பிடித்தால், பதினெட்டு வயதில் பதக்கம் வரவில்லையே என்று மூலையில் வைக்கப் பார்த்தால், இந்தப் பெயர்களை அவர்களுக்குச் சொல்லுங்கள். கூடவே அந்த இரண்டு வெற்று ஆண்டுகளைப் பற்றியும் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் எல்லாம் ஆடத் தெரியாதவர்கள் அல்ல.