டேப்பட் கவர் ஒழுகிய வரலாறு

மியூனிக்கின் டாய்ச்செஸ் மியூசியத்தில் 1897-ஆம் வருடத்து டீசல் இன்ஜின் ஒன்று நிற்கிறது. ருடால்ஃப் டீசல் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் வருடக்கணக்காகப் போராடிக் கட்டியது. ஒற்றை சிலிண்டர், ஆளைவிட உயரம். அந்த வருடம் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்தபோது, எரிபொருளில் இருந்த ஆற்றலில் சுமார் 26 சதவீதத்தை அது வேலையாக மாற்றியது. அன்று பெரும்பாலான நீராவி இன்ஜின்கள் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. டீசலின் வரலாற்றை எழுதுபவர்கள் எல்லாரும் இந்த எண்ணில்தான் ஆரம்பிப்பார்கள்.

நாம் அதன் தலைப்பகுதியைப் பார்ப்போம். வால்வுகளைத் திறந்து மூடும் லீவர்கள் வெட்டவெளியில் இருக்கின்றன. மேலே மூடி கிடையாது. மூடி இல்லாததால் அதன் விளிம்பில் வைக்கும் பேக்கிங்கும் கிடையாது. டேப்பட் கவர் பேக்கிங்கில் ஆயில் ஒழுகுது என்று இன்று எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கிற புகார், உலகின் முதல் டீசல் இன்ஜினுக்கு வந்திருக்கவே முடியாது. ஆயில் சிந்தவில்லை என்று அர்த்தம் இல்லை. சிந்துவதைக் குறை என்று யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்து ஆயில் முறை அப்படி. பேரிங் மேல் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் இறங்கி, வேலையை முடித்துக்கொண்டு தட்டிலோ தரையிலோ விழும். கிண்ணத்தை நிரப்ப ஒரு ஆள் எண்ணெய்க் குவளையோடு சுற்றிவருவார். அமெரிக்காவில் எலைஜா மெக்காய் 1872-இல் நீராவி இன்ஜின்களுக்குத் தானாக எண்ணெய் விடும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். பெரிய முன்னேற்றம்தான், ஆனால் அதிலும் போன எண்ணெய் போனதுதான். முதல் உலகப் போர் விமானங்களின் ரோட்டரி இன்ஜின்கள் விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டு அப்படியே காற்றில் துப்பின. பின்னால் உட்கார்ந்த பைலட் அதைச் சுவாசித்துக்கொண்டே போர் செய்தார்.

மாற்றத்தின் விதை இங்கிலாந்தில் விழுந்தது. பர்மிங்ஹாமின் பெல்லிஸ் கம்பெனியில் வேலை செய்த ஆல்பர்ட் பெய்ன், 1890-இல் ஒரு பம்ப் வைத்து எண்ணெயை அழுத்தத்தோடு பேரிங்குகளுக்கு அனுப்பி, திரும்பக் கீழே சேர்த்து, மறுபடியும் அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார். நீராவி இன்ஜினுக்காகத்தான் செய்தார். ஆனால் அதன் பின்விளைவு பெரியது. அதே எண்ணெய் சுற்றிச்சுற்றி வரவேண்டும் என்றால் வெளியே போகும் ஒவ்வொரு சொட்டும் இழப்பு. அதனால் இன்ஜினைச் சுற்றிப் பெட்டி கட்ட வேண்டியிருந்தது. பெட்டி வந்ததும் மூடி வந்தது, மூடியோடு இடுக்கும் வந்தது. ‘லீக்’ என்ற சொல்லுக்கு உண்மையான அர்த்தம் வந்தது இதற்கப்புறம்தான்.

*

டீசல் இன்ஜின் சின்னதாகி லாரிக்குள் நுழைந்தது 1920-களில். 1932-இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோவில் ஃபிராங்க் பெர்கின்ஸ் ஆரம்பித்த கம்பெனி, வேகமாகச் சுற்றும் சிறிய டீசல் இன்ஜின்களுக்கென்றே உருவானது. அதன் பி6 இன்ஜின் பிறகு சென்னையில் சிம்ப்சன் கம்பெனியிலும் தயாரானது. தெருப்புழுதியில் ஓடுகிற இன்ஜினுக்கு ராக்கர் ஆர்மைத் திறந்து வைத்துக்கொண்டு இருக்க முடியாது. தூசி உள்ளே போகக் கூடாது, தெறிக்கிற ஆயில் வெளியே வரக் கூடாது. ஆகவே கவர்.

இந்தக் கவருக்கு ஒரு விசேஷத் தலையெழுத்து உண்டு. வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரிபார்க்க, அதாவது டேப்பட் செட்டிங் செய்ய, இதை அடிக்கடி கழற்றியாக வேண்டும். கழற்றுவதற்காகவே செய்த மூடி இது. அதனால் பல இன்ஜின்களில் மெல்லிய தகட்டை அடித்துச் செய்து, நாலைந்து போல்ட்டில் நிறுத்தினார்கள். தகடு நேராக இருக்காது. அந்தக் கோணலை எல்லாம் ஏற்றுக்கொள்கிற ஒரு பொருள் நடுவில் வேண்டும்.

அந்தப் பொருள் மரப்பட்டையாக இருந்தது. கார்க். போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் வளரும் ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. மரத்தை வெட்டாமல், சுமார் 9 வருடத்துக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரித்தெடுப்பார்கள். 1665-இல் ராபர்ட் ஹூக் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு ‘செல்’ என்று பெயர் வைத்தது இதன் அறைகளுக்குத்தான். அந்த அறைகளில் காற்று அடைந்திருக்கிறது. ஆகவே கார்க்கை மேலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் அநேகமாகப் பிதுங்காது, தனக்குள்ளேயே சுருங்கிக்கொள்ளும். ரப்பர் அப்படி இல்லை. அதன் கனஅளவு குறையாது, அமுக்கினால் பக்கவாட்டில் ஓடும். போதாததற்கு இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பிப்போகும். எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் 1930-களில் ஜெர்மனியில் உருவான பிறகுதான் ரப்பர் இந்த வேலைக்கு லாயக்கானது. நம் கடைகளில் கிடைக்கும் ‘ரப்பர் கார்க்’ பேக்கிங் இரண்டையும் சேர்த்து அரைத்த சமரசம்.

ஆனால் கார்க் சூட்டில் காயும். சில வருடத்தில் பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். அப்போது ஒழுகும். அப்போது கை தானாக ஸ்பேனரைத் தேடும்.

*

“ஒழுகுதா? இன்னும் ரெண்டு சுத்து டைட் பண்ணு.” இந்த வாக்கியத்தால் கெட்ட கவர்கள் எத்தனையோ. பல இன்ஜின்களில் இந்தப் போல்ட்டுக்குத் தேவையான முறுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். சிலிண்டர் ஹெட் போல்ட்டுக்கு அதைப்போலப் பத்து மடங்கு போகும். கூடுதலாக முறுக்கினால் போல்ட்டுக்கு அடியில் தகடு குழிந்துபோகும். இரண்டு போல்ட்டுக்கு நடுவே விளிம்பு வளைந்து மேலே எழும்பும். அதாவது, முறுக்க முறுக்க ஒழுகும்.

அதைவிட முக்கியமாக, தவறு பேக்கிங்கிலேயே இல்லாமல் இருக்கலாம். சிலிண்டருக்குள் எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். நம்ம மெக்கானிக்குகள் இதை ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். அது வெளியேற பிரீதர் என்று ஒரு குழாய் இருக்கிறது. ரிங் தேய்ந்தாலோ பிரீதர் அடைத்தாலோ உள்ளே அழுத்தம் ஏறும். ஒரு சின்னக் கணக்கு போடலாம். கவர் 60 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம். உள்ளே வெறும் 2 கிலோபாஸ்கல், அதாவது 20 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். மூடியை மேலே தள்ளும் விசை சுமார் 18 கிலோ எடைக்குச் சமம். காய்ந்த கார்க் அதை எத்தனை நாள் தாங்கும்? புதுப் பேக்கிங் போட்டாலும் கொஞ்ச நாளில் அதே இடத்தில் ஈரம். சாஃப்ட்வேரிலும் இதே புத்திதான். எரர் வந்தால், அதை விழுங்கிவிட நாலு வரி எழுதிவிடுவது. ஸ்க்ரீன் சுத்தமாக இருக்கும், உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும்.

அதனால் நல்ல மெக்கானிக் செய்கிற வரிசையே வேறு. முதலில் எங்கே ஒழுகுது என்று பார்ப்பார். ஆயில் புவியீர்ப்பில் இறங்கி, ஃபேன் காற்றில் பரவி, ஹெட் பேக்கிங்கே போய்விட்டது போலப் பயமுறுத்தும். எல்லாவற்றையும் துடைத்து, பவுடர் தூவி, ஓடவிட்டு, மிக உயரத்தில் எங்கே நனைகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்தது பிரீதர். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா? அப்படியென்றால் பேக்கிங் மாற்றி மட்டும் பயனில்லை. தள்ளவில்லை என்றால், பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, குழிந்த தகட்டைத் தட்டி நேராக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, புதியதை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவார். மலிவான வேலைதான். தள்ளிப்போட்டால் அதே ஆயில் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டும். வாசனையோடு நின்றால் அதிர்ஷ்டம், தீப்பிடிக்கவும் கூடும்.

*

பிரீதர் வழியாகப் போகிற வாயு எங்கே போனது? அரை நூற்றாண்டுக்கு மேல், நேராகத் தெருவுக்கு. வண்டிக்கு அடியில் திறந்து விட்ட ஒரு குழாய், அவ்வளவுதான். 1940-களில் லாஸ் ஏஞ்சல்ஸைப் புகைமூட்டம் மூடியது. கால்டெக்கின் ஹாகன் ஸ்மிட் அதன் வேதியியலை அவிழ்த்து, கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியேற்றும் வாயுக்களைக் காரணம் காட்டினார். அப்புறம்தான் இந்தக் குழாய் மேல் கண் விழுந்தது. அந்த வாயுவைத் திரும்ப இன்ஜினுக்கே எரிக்கக் கொடுக்கும் வால்வு, 1961 மாடலிலிருந்து கலிஃபோர்னியாவில் விற்ற புதுக் கார்களிலும், 1963-லிருந்து அமெரிக்கா முழுக்கவும் வந்தது. போரின்போது ஆழமான தண்ணீரைக் கடக்கும் ராணுவ வண்டிகளில் இதே யோசனை ஏற்கனவே இருந்தது. டெக்னாலஜி தயாராக இருந்தது, வெளியே போவது நம் பிரச்சினை என்ற எண்ணம்தான் தாமதமாக வந்தது.

டீசலுக்கு இன்னும் தாமதம். டர்போ வைத்த கனரக டீசல் இன்ஜின்களுக்கு அமெரிக்கச் சட்டம் விலக்கு கொடுத்திருந்தது. அந்த விலக்கு முடிந்தது 2007 மாடலில். டீசல் இன்ஜின் முதன்முதலில் வேலைசெய்து காட்டி 110 வருடம் கழித்து.

அடுத்த முறை சிக்னலில் ஒரு பழைய லாரி பக்கத்தில் நின்றால் இன்ஜினுக்குக் கீழே பாருங்கள். டேப்பட் கவர் துடைத்துவைத்தது போல இருக்கலாம், பேக்கிங் புதிதாகவும் இருக்கலாம். ஆனால் பக்கவாட்டில் ஒரு ரப்பர் குழாய் கீழ்நோக்கித் தொங்கினால், அதன் வாய் கறுத்து, முனையில் ஒரு சொட்டு விழக் காத்திருக்கும். 1897-இன் வெட்டவெளி லீவர்களில் பாதி இன்னும் அங்கே இருக்கிறது.