ஊசியிலிருந்து ஒளிவரை: வெண்புள்ளியைக் கண்டறிந்த வரலாறு

காரைக்காலின் கடலோரக் கருக்களாச்சேரியில், படகிலும் கரையிலும் பகலெல்லாம் உழைப்பவர் மேனி வெயிலில் கறுக்கும். கறுக்கக் கறுக்க, அதில் தோன்றும் வெண்திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும். அங்கு மட்டுமன்று, நம் ஊர்களிலெல்லாம் இப்படியொரு திட்டு வீட்டில் எவருக்கேனும் தோன்றினால், முதலில் எழும் கேள்வி எந்த மருத்துவரிடம் செல்வது என்பதன்று. பிள்ளைகளின் நிக்காஹ் என்னாகும் என்பதே. அந்த அச்சத்துக்கு ஒரு சொல்லும் பெருங்காரணம்.

திருக்குர்ஆனில் ஆலு இம்ரான் 49ஆம் வசனத்திலும் அல்மாயிதா 110ஆம் வசனத்திலும் நபி ஈஸா (அலை) அவர்கள் இறைவனின் அனுமதியால் குணப்படுத்தியோருள் 'அப்ரஸ்' என்போரும் இடம்பெறுகின்றனர். 'பரஸ்' என்பது வெண்மை படர்தல். தொழுநோய்க்கு அரபியில் 'ஜுதாம்' என்று வேறு சொல் உண்டு. அரபி மொழி இரண்டையும் பிரித்தே வைத்திருந்தது. தமிழிலோ 'வெண்குஷ்டம்' என்ற சொல் வழங்கி, தமிழாக்கங்கள் சிலவற்றிலும் ஏறிவிட்டது. குஷ்டம் என்ற ஒலி காதில் விழுந்தபின் விளக்கம் கேட்க யார் நிற்கிறார்கள்? தொற்றாத ஒன்று, தொற்றும் நோயின் பெயரைச் சுமந்தது. 'வெண்புள்ளி' என்று சொல்லும் வழக்கம் பரவி வருவது நல்லதே.

பெயரைப் பிரிப்பது ஒருபுறமிருக்க, நோயைப் பிரித்தறிவது எப்படி? முதலாம் நூற்றாண்டு உரோமில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ் கூறும் வழி ஊசி. திட்டில் குத்தினால் இரத்தம் வரின் குணமாகும். வெண்ணிற நீர் வரின் குணமாகாது. நோயாளியின் எதிர்காலத்தை ஓர் ஊசிமுனை தீர்ப்பளித்த காலம் அது.

குத்தாமல், கீறாமல் தோலைப் படிப்பதற்கு ஒளியை அறிந்திருக்க வேண்டும். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்ஹைதம், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஏழு பாகங்கள் கொண்ட நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே பார்வை உண்டாகிறது என்ற பழங்கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காண்கிறோம் என்று நிறுவினார். இருட்டறையில் ஒளியைச் சோதித்தவர் அவர். அந்நூலின் இலத்தீன் ஆக்கம் 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. அவர் தோல்நோய்க்காக இதைச் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுவோம். முன்னோர் பெருமையை மிகைப்படுத்துவது அவர்களுக்கே நியாயமன்று.

கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து, புறஊதாக் கதிரை மட்டும் விடும் ஒரு கண்ணாடியை 1903இல் அமெரிக்க இயற்பியலாளர் இராபர்ட் வில்லியம்ஸ் வுட் உருவாக்கினார். அதை 1925இல் தோல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் பிரான்சு நாட்டின் மார்கரோவும் தெவேசும். காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அவர்கள் தேடியது குழந்தைகளின் தலையில் வரும் பூஞ்சைப் படையை. சில பூஞ்சைகள் அக்கதிர் பட்டதும் பச்சையாக ஒளிர்ந்தன.

அதே 'வுட்ஸ் விளக்கு' வெண்புள்ளிக்கும் உதவியது. நம் தோலின் கருநிறமி புறஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். நிறமி முற்றிலும் நீங்கிய இடத்தில் கதிர் உள்ளிறங்கி, தோலின் அடியிலுள்ள நார்ப்பொருள் நீலம் கலந்த வெண்மையாய்ப் பளிச்சென்று ஒளிரும். திட்டின் ஓரமும் கோடு கிழித்தாற்போல் தெரியும். தொழுநோய்த் திட்டில் நிறமி குறைகிறதே தவிர அடியோடு அழிவதில்லை; ஆகவே அந்தப் பளிச்சிடல் இராது. வலியில்லை, தழும்பில்லை, சில நிமிட வேலை. இருட்டறை மட்டும் வேண்டும். பவுடரும் களிம்பும் சோப்பு எச்சமும் அதே விளக்கில் ஒளிர்ந்து ஏமாற்றுமாதலால், எதுவும் பூசாமல் செல்வது நலம்.

தோலை உருப்பெருக்கிக் காணும் 'டெர்மோஸ்கோப்' இன்னொரு கருவி. தோலின் மேற்பரப்பு ஒளியைத் திருப்பியடிப்பதால் உள்ளே இருப்பது தெரிவதில்லை. ஓர் எண்ணெய்த் துளியோ முனைவாக்கிய ஒளியோ அக்கூச்சத்தை நீக்கிவிடும். 1920களில் ஜெர்மன் மொழியில் எழுதிய சாஃபியர் இம்முறைக்குப் பெயரிட்டார். இன்று அது சட்டைப்பையில் அடங்குகிறது. திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறலைக் கொண்டு தோற்புற்றை அறியும் கருவிகளும் வந்துள்ளன. ஆனால் அவை இன்னும் சாதாரண மருத்துவமனைக்கு எட்டியவை அல்ல.

விளக்கு மட்டும் போதுமா? போதாது. தொழுநோயை அறிய, திட்டில் தொடுவுணர்ச்சி மங்கியிருக்கிறதா, முழங்கையருகே நரம்பு தடித்திருக்கிறதா என்று மருத்துவர் கையால் பார்க்கிறார். ஐயம் தீராவிடில் தோலைக் கீறியோ சிறிது எடுத்தோ சோதிக்கத்தான் வேண்டும். அது தொழுநோயாகவே இருந்தாலும் அஞ்ச வேண்டிய காலம் போய்விட்டது. ஹான்சன் 1873இல் அதன் கிருமியைக் கண்டார்; உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து, நோயின் வகைக்கேற்ப 6 அல்லது 12 மாதங்களில் அதைக் குணப்படுத்துகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அம்மருந்து இலவசம். உணர்ச்சி மங்கிய திட்டை, பேச்சு வரும் என்றஞ்சி முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து வைக்கும் மாதங்களில்தான் நரம்பு கெட்டு விரல்கள் மடங்குகின்றன.